வாசகர் கேள்வி – பதில்: ஃபயர்வால் இன்டர்ஃபேஸின் 'அட்வான்ஸ்டு' அமைப்புகள்

இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் இடையே நின்று தரவை வடிகட்டும் ஃபயர்வால் கருவியில் இன்டர்ஃபேஸ், அதாவது நெட்வொர்க் போர்ட்டுக்கான, பக்கத்தைத் திறந்து, அதற்குள் 'அட்வான்ஸ்டு' என்ற பகுதியையும் விரித்துப் பார்த்தவர்களிடமிருந்து இம்முறை கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பல கேள்விகள் வந்துள்ளன. அங்கே உள்ள கட்டங்களில் பெரும்பாலானவற்றை வெறுமையாக விட்டுவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு கட்டத்தில் எண்ணை எழுத வேண்டிய தேவை வந்தால், கேபிளின் மறுமுனையில் எந்தக் கருவி இருக்கிறது, அது எதை எதிர்பார்க்கிறது என்பதை முதலில் அளந்து அறிய வேண்டும்.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறோம். இணையச் சேவை நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (பெட்டி தானே இணைப்பை எடுக்காமல் அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றிவிட்டு, லினக்ஸ் ஃபயர்வால் ஒன்றில் பி.பி.பி.ஓ.இ. என்ற உள்நுழைவு முறைக்கான பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைப்பை எடுத்தோம். யூடியூபும் கூகுளும் தடையின்றி வருகின்றன. சில தளங்களில் உள்நுழைவுப் பக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. பெரிய கோப்பை இணைத்த மின்னஞ்சலும் போகவில்லை. கைபேசியின் மொபைல் டேட்டாவில் அதே தளங்கள் திறக்கின்றன. பாதுகாப்புக்காக, பிங் (ஒரு கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் செய்தி), பிழை அறிவிப்பு ஆகியவற்றைச் சுமக்கும் ஐ.சி.எம்.பி. முழுவதையும் தடுத்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் அனைத்தும் பேக்கெட்டின், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு பொட்டலத்தின், அளவுப் பிரச்சினையையே காட்டுகின்றன. ஈதர்நெட்டில் ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு, அதாவது எம்.டி.யூ., 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. முறையில் அதே ஈதர்நெட் சட்டகத்துக்குள் 6 பைட் ஹெடரும் 2 பைட் பி.பி.பி. குறியீடும் கூடுதலாக ஏறிக்கொள்வதால், உங்கள் பேக்கெட்டுக்கு மிஞ்சுவது 1492 பைட் மட்டுமே. முன்பு இந்த வேலையைச் சேவை நிறுவனத்தின் பெட்டியே பார்த்துக்கொண்டது. பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிய நாளிலிருந்து அந்தப் பொறுப்பு உங்கள் ஃபயர்வாலிடம் வந்துவிட்டது.

உங்கள் அலுவலகக் கணினிக்கு இந்த 1492 பற்றி எதுவும் தெரியாது. அது தன் கார்டின் 1500 பைட்டில் ஐ.பி. ஹெடருக்கு 20, டி.சி.பி. ஹெடருக்கு 20 போக, '1460 பைட் வரை அனுப்பலாம்' என்று தொலைவிலுள்ள சர்வருக்கு இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. இந்த எண்ணுக்கு எம்.எஸ்.எஸ். என்று பெயர். சர்வரும் அதை நம்பி, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1500 பைட் பேக்கெட்டுகளை அனுப்புகிறது. அவை சேவை நிறுவனத்தின் முனைக்கு வந்ததும், 1492 பைட் வழியில் நுழைய முடியாமல் கைவிடப்படுகின்றன. 'அளவைக் குறைத்து அனுப்பு' என்ற ஐ.சி.எம்.பி. செய்தி சர்வருக்குத் திரும்பிப் போகிறது. அந்தச் செய்தியை மதிக்கும் தளங்கள் அளவைக் குறைத்துக்கொள்வதால் உங்களுக்குத் திறக்கின்றன. ஐ.சி.எம்.பி.யைத் தடுத்து வைத்திருக்கும் தளங்களின் சர்வர் அந்தச் செய்தியைப் பார்ப்பதே இல்லை. அது அதே பெரிய பேக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்ப, உங்கள் உலாவி வெள்ளைப் பக்கத்தோடு காத்திருக்கிறது. இணைப்பு தொடங்கும்போது செல்லும் பேக்கெட்டுகள் சிறியவை என்பதால் அவை நுழைந்துவிடுகின்றன; ஆகவே, தளம் 'இணைந்தது' போலவே தோன்றும். யூடியூபும் கூகுளும் பெரும்பாலும் குயிக் என்ற நெறிமுறையில் யு.டி.பி. வழியாக வருபவை, அது 1200 பைட் போன்ற சிறிய அளவில் தொடங்கி, பாதை தாங்கும் அளவைத் தானே சோதித்து அறிந்துகொள்வதால் அங்கே தடை தெரியவில்லை.

மின்னஞ்சல் போகாததற்குக் காரணம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கணினி அனுப்பும் 1500 பைட் பேக்கெட்டைப் பார்த்து 'குறைத்து அனுப்பு' என்று சொல்ல வேண்டியது உங்கள் ஃபயர்வால். அதன் வாயை நீங்களே ஐ.சி.எம்.பி. தடையால் கட்டிவிட்டீர்கள். பிங் வந்தால் ஆபத்து என்ற எண்ணத்தில் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாகத் தடுக்கும் பழக்கம் நம் ஊர் அலுவலகங்களில் வேரூன்றியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பிங் வேண்டாமென்றால் அதை மட்டும் தடுங்கள். வகை 3, குறியீடு 4 கொண்ட செய்தியைத் தடுக்கவே கூடாது. ஐ.பி.வி.6 இயங்கும் இடங்களில் இதற்கு இணையான செய்தி இன்னும் கட்டாயம், ஏனெனில் அங்கே இடையிலுள்ள ரவுட்டர்கள் எந்தப் பேக்கெட்டையும் துண்டாக்குவதில்லை.

தடையை நீக்கிய பிறகு அளந்து பாருங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில், துண்டாக்கக் கூடாது என்பதைக் குறிக்கும் எஃப் குறியையும் அளவைக் குறிக்கும் எல் குறியையும் சேர்த்து, வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு 1464 என்ற அளவில் பிங் அனுப்புங்கள். ஐ.பி. ஹெடர் 20, ஐ.சி.எம்.பி. ஹெடர் 8 சேர்ந்தால் அது 1492 ஆகும். 1464 போய், 1465 போகவில்லை என்றால் உங்கள் பாதை 1492 என்பது உறுதி. 1464-உம் போகாவிட்டால், போகும் அளவு கிடைக்கும் வரை எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, கிடைத்த எண்ணுடன் 28-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அளந்த பின் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்றே: ஃபயர்வால் வழியே போகும் இணைப்புத் தொடக்கப் பேக்கெட்டுகளில் எம்.எஸ்.எஸ். எண்ணை 1452 ஆகக் குறைக்கும்படி அமைப்பது. ஐ.பி.வி.6-க்கு அது 1432. தொலைவிலுள்ள சர்வர் ஐ.சி.எம்.பி.யைத் தடுத்தாலும் பரவாயில்லை. அளவு தொடக்கத்திலேயே குறைந்துவிடுவதால் அந்தச் செய்திக்கே தேவை இருக்காது. இங்கே ஒரு கண்ணி உண்டு. லினக்ஸிலும் மைக்ரோடிக்கிலும் எம்.எஸ்.எஸ். விதியில் நேரடியாக 1452 என்றே எழுத வேண்டும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய ஃபயர்வால் மென்பொருள்களில் இன்டர்ஃபேஸ் பக்கத்திலுள்ள எம்.எஸ்.எஸ். கட்டத்தில் நீங்கள் எழுதும் எண்ணிலிருந்து கருவியே 40-ஐ, ஐ.பி.வி.6 ஆனால் 60-ஐ, கழித்துக்கொள்ளும். அங்கே 1492 என்று எழுதுவதே சரி, 1452 என்று எழுதினால் இருமுறை கழிந்து 1412 ஆகிவிடும். அதனால் இணைப்பு நின்றுவிடாது என்றாலும், காரணமின்றி ஒவ்வொரு பேக்கெட்டிலும் இடம் வீணாகும். எம்.டி.யூ. கட்டத்திலும் இதுபோன்ற வேறுபாடு உண்டு. நீங்கள் எழுதும் எண் கீழேயுள்ள ஈதர்நெட்டுக்கா, மேலேயுள்ள பி.பி.பி.ஓ.இ.க்கா என்பது கருவிக்குக் கருவி மாறும். சேமித்த பிறகு இன்டர்ஃபேஸ் நிலைப் பக்கம் காட்டும் எண்ணையே நம்புங்கள்.

ஈதர்நெட் போர்ட்டை 1508 ஆக உயர்த்தி, பி.பி.பி.ஓ.இ.யிலும் முழு 1500-ஐப் பெறும் வழி ஒன்றும் உள்ளது. சேவை நிறுவனத்தின் கருவியும் நடுவிலுள்ள ஃபைபர் பெட்டியும் அதை ஏற்றால்தான் அது நடக்கும். கேட்டு உறுதி செய்யாமல் முயல வேண்டாம்.

கேள்வி: எங்கள் பண்ருட்டிக் கிளையைக் கடலூர்த் தலைமை அலுவலகத்துடன் வயர்கார்டு வி.பி.என். மூலம் இணைத்துள்ளோம். இரு பக்கமும் பி.பி.பி.ஓ.இ. இணைப்பு. பகிர்வுக் கோப்புறையில் பட்டியல் தெரிகிறது. கோப்பைத் திறந்தால் நின்றுவிடுகிறது.

பதில்: வயர்கார்டின் வழக்கமான எம்.டி.யூ. 1420. அது 1500 பைட் பாதையில், ஐ.பி.வி.6 வழியே போனாலும் தாங்கும்படி 80 பைட்டைக் கழித்து வைத்த எண். உங்கள் பாதை 1492 என்பதால் 1412 என்று இரு முனைகளிலும் எழுதுங்கள். ஒரு முனையில் மட்டும் மாற்றினால் ஒரு திசையில் கோப்பு போகும், மறு திசையில் நிற்கும்.

கேள்வி: புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடற்கரைக்கு மிக அருகில் எங்கள் அலுவலகம் உள்ளது. ஃபயர்வாலின் லேன் (உள் நெட்வொர்க்) போர்ட் சில மாதங்களாக 100 எம்.பி.பி.எஸ். மட்டுமே காட்டுகிறது. வேகம்–டூப்ளெக்ஸ் கட்டத்தில் 'ஆட்டோ'வை மாற்றி 1000 என்று நிலைநிறுத்தியதும் இணைப்பே போய்விட்டது. போர்ட் பழுதா?

பதில்: போர்ட்டைச் சந்தேகிக்கும் முன் கேபிளின் முனைகளைப் பாருங்கள். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு போதும். அவை 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் இருப்பவை. ஒரு ஜி.பி.பி.எஸ். வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். 4, 5, 7, 8 ஆகிய முனைகளில் ஒன்று கெட்டாலும், பல நெட்வொர்க் கார்டுகள் ஜிகாபிட்டுக்கு முயன்று தோற்றுத் தாமாகவே 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. நீங்கள் 1000 என்று நிலைநிறுத்தியபோது அந்த இறங்கும் வழியையும் அடைத்துவிட்டீர்கள்.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் கனெக்டரின் உலோகத் தகடுகளை அரிப்பது நம் கரையோர ஊர்களில் சாதாரணம். மலிவாகக் கிடைக்கிறது என்று செம்பு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட கேபிளை வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் விரைவாகக் கெடும். அலுமினியம் செம்பைவிட மின்தடை அதிகமுள்ளது, வளைத்தால் எளிதில் ஒடிவது. அத்தகைய கேபிளின் உறையில் கேட் 6 என்று அச்சிட்டிருந்தாலும் அது அந்தத் தரத்தைச் சேர்ந்தது ஆகாது, ஏனெனில் அந்தத் தரம் முழுச் செம்புக் கம்பியைக் கேட்கிறது. இரு முனைகளையும் வெட்டிப் புதிய கனெக்டர் அடித்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் முழுச் செம்புக் கேபிளை இழுங்கள். ஃபயர்வாலின் இன்டர்ஃபேஸ் நிலைப் பக்கத்தில் உள்வரும் பிழைகளின் எண்ணிக்கை நாள்தோறும் ஏறுகிறதா என்பதைக் கவனித்தால், அடுத்த முறை வேகம் குறையும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வேகம்–டூப்ளெக்ஸ் கட்டத்தை மீண்டும் ஆட்டோவிலேயே வையுங்கள். செம்புக் கேபிளில் ஓடும் ஜிகாபிட் ஈதர்நெட்டில் இரு முனைகளும் கலந்து பேசிக்கொள்வது தரத்தின்படியே கட்டாயம். எந்த முனையின் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்பதை அந்தப் பேச்சில்தான் முடிவு செய்கின்றன. பழைய 100 எம்.பி.பி.எஸ். கருவிகளில் வேறொரு தொல்லை உண்டு. ஒரு முனையை 100, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது) என்று நிலைநிறுத்தி மறுமுனையை ஆட்டோவில் விட்டால், மறுமுனைக்கு வேகம் மட்டும் புரியும், டூப்ளெக்ஸ் புரியாது. அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய்விடும். பிங் நன்றாக வரும். ஆனால் கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் வேகம் தரைமட்டமாகும். நிலைநிறுத்துவதானால் இரு முனைகளிலும் ஒன்றுபோல நிலைநிறுத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் ஆட்டோவில் விட வேண்டும்.

கேள்வி: வில்லியனூரில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சேவை நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் பிஎஃப்சென்ஸ் வைத்தேன். வேன் (இணையப் பக்க) போர்ட்டுக்கு 192.168.1.5 என்ற முகவரி கிடைத்தும் இணையம் வரவில்லை. 'பிளாக் பிரைவேட் நெட்வொர்க்ஸ்' என்ற குறியை எடுத்துவிட்டும் பயனில்லை.

பதில்: அந்தக் குறி காரணம் அன்று. அது வெளியிலிருந்து, உள் நெட்வொர்க்குகளுக்கு மட்டுமே உரிய தனியார் முகவரிகளைக் கொண்டு, தாமாகத் தொடங்கி வரும் பேக்கெட்டுகளை மட்டுமே தடுக்கிறது. உள்ளேயிருந்து நீங்கள் தொடங்கிய இணைப்புக்கு வரும் பதிலைத் தடுப்பதில்லை. பிஎஃப்சென்ஸ் தன் லேன் போர்ட்டுக்கு இயல்பாக 192.168.1.1 என்ற முகவரியை வைத்துக்கொள்கிறது. உங்கள் சேவை நிறுவனத்தின் பெட்டியும் அதே 192.168.1 வரிசையைத் தருகிறது. இரு பக்கமும் ஒரே வரிசை இருந்தால், பேக்கெட்டை எந்தப் போர்ட் வழியே அனுப்புவது என்று கருவியால் தீர்மானிக்க இயலாது. லேன் பக்கத்தை 192.168.77.1 போன்ற வேறு வரிசைக்கு மாற்றுங்கள், டி.எச்.சி.பி. (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) தரும் முகவரிகளையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித்தர சேவை நிறுவனம் இசைந்தால் அது இன்னும் நல்லது, ஏனெனில் இப்போது உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது.

பிரிட்ஜ் மோடுக்குப் பின் வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் வந்தால், சேவை நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்று பொருள். 2012-இல் இதற்கெனவே ஒதுக்கப்பட்ட வரிசை அது. அந்நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளேயுள்ள கருவிக்குத் திருப்பும் விதி) எத்தனை முறை அமைத்தாலும் வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கருவியை அடைய முடியாது. நிலையான பொது முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறுவது, அல்லது வீட்டிலிருந்து வெளிநோக்கித் தொடங்கும் வி.பி.என். வைப்பது ஆகிய வழிகள் பயன்படும்.

கேள்வி: புதுச்சேரியில் எங்களுக்கு ஒரு சிறு தங்கும் விடுதி உள்ளது. விருந்தினர் வைஃபையும் பில் போடும் கணினியும் இப்போது ஒரே நெட்வொர்க்கில் உள்ளன. ஃபயர்வாலில் இரண்டு போர்ட்டுகள் மட்டுமே உண்டு. பிரிக்க முடியுமா?

பதில்: முடியும், பிரித்தே ஆக வேண்டும். அறைக்கு வரும் விருந்தினரின் கைபேசியிலிருந்து உங்கள் பில் கணினியைத் தொட முடிகிற நிலை ஒருநாள்கூட நீடிக்கக் கூடாது. லேன் போர்ட்டின் மேல் ஒரு வீலேனை, அதாவது அதே கேபிளில் ஓடும் தனி நெட்வொர்க்கை, உருவாக்குங்கள். எண் 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலான ஸ்விட்சுகள் 1-ஐத் தம் இயல்பான எண்ணாக வைத்திருப்பதால் அதைத் தவிர்த்து 30 என்று வைப்போம். வீலேன் புரியும் மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று தேவை. ஃபயர்வாலுக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் போகும் போர்ட்டுகளில் 30-ஐ டேக் செய்து, அதாவது பேக்கெட்டில் அந்த எண்ணைக் குறித்து, அனுப்புங்கள். ஆக்சஸ் பாயின்ட்டில் விருந்தினர் வைஃபை பெயரை 30-உடன் இணையுங்கள்.

புதிய இன்டர்ஃபேஸுக்கு 192.168.30.1 என்று முகவரி எழுதும்போது, அருகிலுள்ள சிறு கட்டத்தில் மாஸ்க் (நெட்வொர்க்கின் பரப்பைக் குறிக்கும் எண்) 32 என்று முன்கூட்டியே இருக்கும். அதை 24 ஆக மாற்ற மறப்பதுதான் இந்த வேலையில் பலர் தடுமாறும் இடம். 32 என்றால் அந்த ஒரு முகவரியைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை, டி.எச்.சி.பி. வேலை செய்யாது.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் கருவிகளில் புதிய இன்டர்ஃபேஸில் விதி எதுவும் இருக்காது. விதி இல்லையென்றால் அனைத்தும் தடுக்கப்படும். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுவதால் வரிசை முக்கியம். முதலில் விருந்தினர் நெட்வொர்க்கிலிருந்து ஃபயர்வாலின் 53-ஆம் போர்ட்டுக்கு, பெயர்த் தேடலுக்காக மட்டும், அனுமதி கொடுங்கள். அடுத்து ஃபயர்வாலின் எல்லா முகவரிகளுக்கும், 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் தனியார் வரிசைகள் அனைத்துக்கும் தடை. கடைசியில் மற்ற அனைத்துக்கும் அனுமதி. இந்த மூன்றின் இடம் மாறினால் பிரித்ததற்குப் பொருளே இல்லாமல் போகும். ஒரே வைஃபையில் உள்ள இரு விருந்தினர்கள் ஒருவரையொருவர் அணுகுவதை ஃபயர்வாலால் தடுக்க முடியாது, ஏனெனில் அந்தப் பேக்கெட் ஃபயர்வாலுக்கே வருவதில்லை. ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷன் என்ற அமைப்பை அதற்காக இயக்குங்கள்.

கேள்வி: மேக் முகவரியை மாற்றி எழுதும் கட்டம் எதற்கு?

பதில்: சில சேவை நிறுவனங்கள் முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வன்பொருள் அடையாள எண்ணை, மட்டுமே ஏற்கும்படி வைத்திருக்கின்றன. பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு ஃபயர்வாலை வைத்ததும் இணையம் வரவில்லை என்றால், பழைய ரவுட்டரின் மேக் முகவரியை வேன் இன்டர்ஃபேஸில் எழுதிப் பார்க்கலாம். வேறு தேவை இல்லாதவரை வெறுமையாக விடுங்கள். அந்தப் பழைய ரவுட்டரை அதே நெட்வொர்க்கில் வேறு வேலைக்கு வைக்க வேண்டாம்.

கேள்வி: கடலூர் சிப்காட்டில் உள்ள ஆலையில் பணி. டி.எஸ்.ஓ., எல்.ஆர்.ஓ. ஆகிய ஹார்டுவேர் ஆஃப்லோடிங்கை (பேக்கெட் வேலையை நெட்வொர்க் கார்டிடமே ஒப்படைப்பது) இயக்கினால் ஃபயர்வாலின் வேகம் கூடும் என்கிறார்கள். ஊடுருவல் தடுப்பையும் வைத்திருக்கிறோம்.

பதில்: இயக்க வேண்டாம். அவை பேக்கெட்டுகளின் இறுதி முனையாக இருக்கும் சர்வருக்கு உதவுபவை. எல்.ஆர்.ஓ. வரும் பேக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கித் தருகிறது. அவற்றை வாங்கி மறுபக்கம் அனுப்ப வேண்டிய ஃபயர்வாலுக்கு அந்தப் பெரிய பேக்கெட் இடையூறுதான். இதனாலேயே பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் இவ்விரண்டையும் இயல்பாக அணைத்தே தருகின்றன. நெட்மேப் (கார்டிலிருந்து பேக்கெட்டுகளை நேரடியாக எடுக்கும் முறை) வழியாக நேரடியாகத் தடுக்கும் சுரிகாட்டா என்ற ஊடுருவல் தடுப்பு மென்பொருளுக்கும் இவை அணைந்திருக்க வேண்டும். சுரிகாட்டாவை லேன் இன்டர்ஃபேஸில் வையுங்கள். வேன் பக்கம் வைத்தால் எச்சரிக்கை ஒவ்வொன்றிலும் ஃபயர்வாலின் ஒரே முகவரி தெரியுமே அன்றி, எந்தக் கணினி என்பது தெரியாது.

கேள்வி: புயல் காலத்தில் இணையம் நின்றுவிடுவதால் இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புகளை வாங்கியுள்ளோம். இரண்டு வேன் போர்ட்டுகளையும் லேக் அமைப்பில் ஒன்றாகச் சேர்த்து இரட்டிப்பு வேகம் பெற முடியுமா? கடலூர் முதுநகர்.

பதில்: முடியாது. லேக் அமைப்பில் இரு கேபிள்களின் மறுமுனையும் ஒரே ஸ்விட்சிலோ ஒன்றாக இயங்கும் ஸ்விட்சுகளிலோ இருக்க வேண்டும். உங்கள் கேபிள்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போகின்றன. உங்களுக்குத் தேவை கேட்வே குழு. இரண்டு வேன்களையும் தனித்தனியே வைத்து, முதன்மை இணைப்பு விழுந்தால் இரண்டாவது எடுத்துக்கொள்ளும்படி குழுவில் வரிசைப்படுத்துங்கள். லேன் விதியில் அந்தக் குழுவைக் கேட்வேயாகத் தேர்ந்தெடுங்கள்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஃபயர்வால் பிங் செய்து பார்க்கும் கண்காணிப்பு முகவரி என்ற கட்டத்தை இங்கே கட்டாயம் நிரப்ப வேண்டும். ஃபைபர் பெட்டி ரவுட்டர் மோடில் இருந்தால், ஃபயர்வால் இயல்பாகப் பிங் செய்வது உங்கள் மேசை மேலுள்ள அந்தப் பெட்டியை; வெளியே ஃபைபர் அறுந்தாலும் பெட்டி பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், மாற்றமே நடக்காது. ஓர் இணைப்புக்கு 1.1.1.1, மற்றதற்கு 8.8.8.8 என வெளியிலுள்ள வெவ்வேறு முகவரிகளைக் கொடுங்கள்.

அமைப்பைவிட முக்கியமான ஒன்றை உங்கள் தெருவில் நின்று பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்ததை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இரு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே கம்பத்தில் கட்டி வரப்பட்டிருந்தால் அந்தக் கம்பம் சாயும்போது இரண்டும் சேர்ந்தே அறும். அப்படியானால் இரண்டாவது ஃபைபருக்குப் பதில், சிம் கார்டு போடும் 4ஜி ரவுட்டர் ஒன்றை இரண்டாம் வேனில் இணைப்பதே பயன் தரும். கோபுரங்களும் புயலில் விழக்கூடும் என்றாலும் கம்பத்தோடு சேர்ந்து விழுவதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் ஓர் ஓய்வு நாளில், முதன்மை இணைப்பின் கேபிளைப் பெட்டியில் பிடுங்காமல், பெட்டிக்குள் வரும் ஃபைபரைக் கழற்றிச் சோதியுங்கள். கேபிளைப் பிடுங்கினால் போர்ட் அணைந்து மாற்றம் எப்படியும் நடந்துவிடும், கண்காணிப்பு முகவரி வேலை செய்கிறதா என்பது ஃபைபரைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றும்போது முனையைத் தொடாமல் மூடியிட்டு வையுங்கள்.